கழற்ற முடியாத காப்பு

கேள்வி: மூன்று வருடமாக ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் நாயகிக்கு ஒரு காப்பு கிடைக்கிறது. அதை அணிந்தவர் சொல்வதை எதிரில் இருப்பவரால் மறுக்கவே முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அது அவளைக் கெடுக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவளே அதைக் கழற்றிக் கடலில் எறிகிறாள். படித்துப் பார்த்த நண்பர், "இது பொய். ஃப்ரோடோவாலேயே முடியவில்லை, உன் நாயகியால் எப்படி முடியும்?" என்கிறார். அப்படிப்பட்ட சக்தியை யாராலும் உண்மையில் மறுக்க முடியாதா? நான் முடிவை மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. ஃப்ரோடோவால் முடியவில்லை என்பது உண்மைதான். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்த, டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் நாயகன் ஃப்ரோடோ, வைத்திருப்பவரைக் கெடுக்கும் ஒரு மாய மோதிரத்தை அழிப்பதற்கென்றே மாதக்கணக்கில் பட்டினியும் காயமுமாக நடந்து எரிமலையின் விளிம்புக்கு வந்து சேர்கிறான். வந்த இடத்தில், "மாட்டேன், இது என்னுடையது" என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். முன்பு அதை வைத்திருந்த கோல்லம் பாய்ந்து அவன் விரலைக் கடித்துத் துண்டாக்கி, மோதிரத்தோடு நெருப்பில் விழுந்ததால்தான் உலகம் பிழைக்கிறது. ஃப்ரோடோவைக் கொண்டாடியது தப்பு, துரோகி என்று மரண தண்டனை கொடுத்திருக்க வேண்டும் என்று டோல்கீனுக்கு ஆவேசமாகக் கடிதம் எழுதிய வாசகர்கூட உண்டு. டோல்கீன் அதை ஏற்கவில்லை. 1963-இல் எழுதிய ஒரு கடிதத்தில், அந்தக் கடைசி நொடியில் மோதிரத்தின் அழுத்தம் உச்சத்தில் இருந்தது, அத்தனை நாள் சுமந்து நொந்துபோன யாராலும் அதைத் தாங்கியிருக்க முடியாது, இது ஒழுக்கத் தோல்வி அல்ல என்று விளக்கியிருக்கிறார்.

சரி, இப்போது நண்பர் சொல்லாமல் விட்ட பாதி. அதே நாவலில் மோதிரத்தை மறுத்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. ஃப்ரோடோ தானாகவே நீட்டியபோது மந்திரவாதி கேண்டால்ஃப் வேண்டாம் என்கிறார். எல்ஃப் இனத் தலைவி கலாட்ரியல், தான் பேரரசியாக நிற்கும் காட்சியைக் கண்முன் பார்த்துவிட்டு விலகுகிறாள். மனிதர்களின் படைத்தலைவன் ஃபாராமிர் தொடவே இல்லை. இவர்களெல்லாம் ஃப்ரோடோவைவிட நல்லவர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் மறுத்தது வாசலில் நின்று. ஃப்ரோடோ மறுக்க வேண்டியிருந்தது பல வருடம் உள்ளேயே குடியிருந்த பிறகு. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம் ஊரில் கேட்பார்கள். கேண்டால்ஃப் தேன் எடுக்கவே போகவில்லை, அவ்வளவுதான்.

ஃபாராமிரைக் கொஞ்சம் கவனியுங்கள், உங்களுக்கு உதவும். ஃப்ரோடோ சுமப்பது என்னவென்று முழுதாகத் தெரிவதற்கு முன்பே, 'அது வழியில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன்' என்று சொல்லிவிடுகிறான். கொஞ்ச நேரம் கழித்து ஃப்ரோடோவின் துணையாள் சாம் வாய் தவறி உளறியதில் விஷயம் வெளியே வருகிறது. ஆளில்லாத காடு, கையில் படை, எதிரே ஃப்ரோடோவும் சாமும், இரண்டு குட்டி ஆட்கள். அப்போது அவன் சொல்வதன் சாரம் இது: 'தெரியாமல் சொன்னேன் என்றாலும், எனக்கே ஆசை இருந்தாலும், சொன்ன சொல்லைச் சபதமாக எடுத்துக்கொள்கிறேன்.' தன் மன உறுதியை அவன் நம்பவில்லை, வாயிலிருந்து ஏற்கனவே வந்துவிட்ட வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறான். 2002-இல் வந்த படத்தில் இதை மாற்றிவிட்டார்கள். அதில் ஃபாராமிரும் சபலப்பட்டு, அவர்களைக் கைதிகளாக இழுத்துப்போன பிறகுதான் விடுகிறான். உங்கள் நண்பரின் வாதத்துக்கு அப்போதே ஆதரவு இருந்திருக்கிறது போல. எனக்கு நாவல்தான் பிடிக்கும்.

உள்ளே போன பிறகு விட்டவர்களே இல்லையா? இரண்டு பேர் உண்டு. சாம் கொஞ்ச நேரம்தான் வைத்திருந்தான். தோட்டக்காரனான அவனுக்கு மோதிரம் காட்டிய ஆசை என்ன தெரியுமா? பாழ்நிலம் முழுவதும் அவன் ஆணைக்குப் பூத்துக் குலுங்கும் தோட்டமாவது! எனக்கு என் சின்னத் தோட்டம் போதும் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். இன்னொருவர் ஃப்ரோடோவின் உறவினர் பில்போ, அவனுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்தவர். அதுவும் அறுபது வருடம். அவர் விடும் காட்சியை மறுபடி படியுங்கள். மோதிரத்தை உறையில் போட்டு ஃப்ரோடோவுக்கு விட்டுப்போவதாக ஒப்புக்கொண்டவர், கிளம்பும்போது பார்த்தால் அது அவர் பையிலேயே இருக்கிறது. கோபம், சண்டை, கத்திப் பிடியில் கை. பிறகு சமாதானமாகி, அப்போதும் உறையோடு வாசலுக்கு நடக்கிறார்! கேண்டால்ஃப் நினைவூட்ட, எடுத்துக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறார். கை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொள்கிறது. உறை தரையில் விழுகிறது. அவர் குனிவதற்குள் கேண்டால்ஃப் எடுத்து வைத்துவிடுகிறார். பில்போவின் முகத்தில் ஒரு நொடி கோபம், அப்புறம் நிம்மதி, சிரிப்பு. அவர் விட்டாரா, விடவைக்கப்பட்டாரா என்றால், இரண்டும்தான்.

மோதிரம் எதுவுமே செய்ய முடியாத ஒரு ஆளும் உண்டு, டாம் பாம்படில். விரலில் போட்டுப் பார்த்துவிட்டு விளையாட்டுப் பொருள் மாதிரி திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவரிடமே பத்திரமாகக் கொடுத்துவிடலாமே என்று பேச்சு வரும்போது, அவர் அதை மறந்துவிடுவார், எங்காவது எறிந்தும் விடுவார் என்கிறார் கேண்டால்ஃப். ஆசையே இல்லாதவருக்கு அக்கறையும் இல்லை. தயவுசெய்து உங்கள் நாயகியை பாம்படில் ஆக்கிவிடாதீர்கள்.

ஆக, முடிவை மாற்ற வேண்டாம். அதற்கு முன்னால் இருக்கும் பக்கங்களில்தான் வேலை இருக்கிறது. காப்பு அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். கோல்லம் தன் பிறந்தநாளில் நண்பனைக் கொன்று மோதிரத்தை எடுத்தவன். பில்போ அதே கோல்லத்தைக் கொல்லும் வாய்ப்பு கிடைத்தும் இரக்கப்பட்டு விட்டவர். கெடுதல் அவரை அவ்வளவாகத் தொடாததற்கு அந்த இரக்கமே காரணம் என்று கேண்டால்ஃப் சொல்கிறார். அப்புறம், காப்பு முதன்முதலில் அவளை என்ன செய்யவைக்கிறது? அடியாளை மண்டியிட வைப்பதெல்லாம் வேண்டாம். மருந்து குடிக்க மறுக்கும் குழந்தையிடம் "குடி" என்று அவள் சொல்லட்டும், அது குடிக்கட்டும். இரக்கத்தின் வழியாகத்தான் மோதிரம் தன்னிடம் வரும் என்று கேண்டால்ஃபே பயந்தவர். நல்லவளைக் கெடுக்கும் வழி அவளுடைய நல்லதில்தானே இருக்கும்.

கடற்கரையில் அவளைத் தனியாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தனியாக நின்றால் உங்கள் நண்பர் ஜெயிப்பார். பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஆனால் காப்பு இருக்கும்வரை அவள் "போ" என்றால் அந்த ஆளும் போயாக வேண்டுமே! உங்கள் காப்பின் விதியிலேயே நல்ல முடிச்சு ஒன்று இருக்கிறது, பயன்படுத்துங்கள். காது கேளாதவர் ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போதே ஆசையாக இருக்கிறது.

இன்னொன்று. எறிந்ததோடு நாவல் முடிகிறது என்றால் ஒரு பக்கம் குறைகிறது. மோதிரம் அழிந்து வெகுநாள் கழித்து, ஊர் திரும்பிய ஃப்ரோடோ ஒருநாள் படுக்கையில் கிடக்கிறான். கழுத்தில் தொங்கும் வெள்ளைக் கல்லை இறுகப் பிடித்தபடி, அது போயே போய்விட்டது, எல்லாம் இருட்டாகவும் வெறுமையாகவும் இருக்கிறது என்று முனகுகிறான். உங்கள் நாயகி மறுநாள் காலையில் யாரையோ "கதவைச் சாத்து" என்கிறாள். அந்த ஆள் சாத்தவில்லை. அவள் விரல்கள் மணிக்கட்டைத் தேடுகின்றன. அந்தப் பக்கத்தை எழுதிவிட்டு, கையெழுத்துப் பிரதியை மறுபடி நண்பரிடம் கொடுங்கள்.