‘எபோக்’ என்று எழுதி விற்ற மேசை: ஏலத்தில் போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். என் அப்பா புதுச்சேரியில் ஒரு நொத்தேர் (பத்திரப் பதிவு செய்யும் சட்ட அலுவலர்) அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அங்கே இருந்ததுபோல ஒரு சாய்மூடி எழுதுமேசை என் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. நான்கரை வருடத்துக்கு முன் பாரிஸில் ஓர் ஏலத்தில் 11,000 யூரோவுக்கு எடுத்தேன். ஏலக் கட்டணத்தோடு 14,080 யூரோ ஆனது. கேட்டலாக்கில் ‘பூரோ த பாந்த் (சாய்மூடி எழுதுமேசை), எபோக் லூயி கேன்ஸ், பழுதுபார்ப்புகள் உண்டு’ என்று போட்டிருந்தார்கள். போன மாதம் இழுப்பறை சிக்கிக்கொண்டது. சரிசெய்ய வந்த தச்சர், ‘இது நூற்றைம்பது வருடத்துக்கு மேல் போகாது’ என்கிறார். ஏல நிறுவனத்தில் கேட்டால், ‘பார்வைக்கு வைத்திருந்தோம், பார்த்துத்தானே எடுத்தீர்கள், சுத்தியல் விழுந்தால் முடிந்தது’ என்கிறார்கள். என் பணம் போனது போனதுதானா?

பதில்: இல்லை. ஆனால் உங்களுக்கு இருக்கும் காலம் குறைவு. அதனால்தான் உங்கள் கடிதத்தை மற்றவற்றுக்கு முன்னால் எடுத்துக்கொண்டேன்.

கேட்டலாக்கில் இருக்கும் ‘எபோக்’, அதாவது ‘காலம்’, என்ற சொல்தான் உங்கள் பலம். பிரான்சில் 1981 மார்ச் 3-ஆம் தேதியிட்ட அரசாணை ஒன்று இருக்கிறது. ‘மார்க்குஸ் அரசாணை’ என்று ஏலக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருளின் பெயரோடு ஒரு காலத்தைச் சேர்த்து எழுதிவிட்டால், அது உண்மையாகவே அந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று வாங்குபவருக்கு உத்தரவாதம் கொடுத்ததாக அர்த்தம் என்கிறது அதன் 2-வது பிரிவு. உறுதி இல்லையென்றால் அதை வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். பின்னால் சேர்த்த பாகங்கள் இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். ‘எபோக் லூயி கேன்ஸ்’ என்றால் பதினைந்தாம் லூயியின் காலம், அதாவது 1715-க்கும் 1774-க்கும் இடையில் செய்தது. அதே இடத்தில் ‘ஸ்தில் லூயி கேன்ஸ்’ என்று போட்டிருந்தால், இந்தப் பதிலை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். ‘ஸ்தில்’ என்றால் அந்தப் பாணியில் செய்தது என்று மட்டும்தான் பொருள்; காலத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஏலத்துக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு சொற்களையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

‘பழுதுபார்ப்புகள் உண்டு என்று எழுதித்தானே விற்றோம்’ என்று அவர்கள் அடுத்துச் சொல்வார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். பதினாறாம் லூயி காலத்தது என்று ஏலத்தில் விற்ற ஒரு பூல் வேலைப்பாட்டு (ஆமையோடும் பித்தளையும் பதித்த) எழுதுமேசை, 19-ஆம் நூற்றாண்டில் பிரித்து மாற்றிக் கட்டியது என்று பிறகு தெரியவந்தது. அந்தக் கேட்டலாக்கிலும் சேதமும் பழுதுபார்ப்பும் உண்டு என்ற குறிப்பு இருந்தது. அது போதாது, மேசை பழுதுபார்க்கப்பட்டது என்பது வேறு, உருமாற்றப்பட்டது என்பது வேறு என்று பிரான்சின் உச்ச நீதிமன்றமான கஸாசியோன் நீதிமன்றம் 2008-இல் வாங்கியவர்கள் பக்கம் நின்றது. வழக்கு சுற்றி வந்தபோது 2011-இலும் அதையே சொன்னது. உங்கள் மேசை விஷயத்தில் தச்சர் சொல்வது உண்மையானால், முழு மேசையே பிந்தைய காலத்தது. உங்கள் நிலை இன்னும் வலுவானது.

சிவில் சட்டத்தொகுப்பின் 1132-வது பிரிவுப்படி, பொருளின் முக்கியமான தன்மையைத் தவறாக நம்பி வாங்கியிருந்தால் விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தத் தவறு மன்னிக்க முடியாததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் பழம்பொருள் வியாபாரி இல்லை. கேட்டலாக்கை நம்பியதில் குற்றம் எதுவும் இல்லை.

இப்போது காலக்கெடு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். விற்பனையை ரத்து செய்யும் வழக்கு மேசையின் சொந்தக்காரராக இருந்தவர்மீது போடுவது. அதற்கு, தவறு தெரிய வந்த நாளிலிருந்து ஐந்து வருடம். ஏல நிறுவனத்தின் பொறுப்புக்கும் ஐந்து வருடம்தான், ஆனால் அது சுத்தியல் விழுந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் எப்போது கண்டுபிடித்தீர்கள் என்பது அங்கே செல்லாது. உங்கள் கணக்கில் மீதம் ஆறு மாதம். விற்றவர் இறந்திருக்கலாம், பணம் இல்லாதவராக இருக்கலாம். கட்டணமாகக் கொடுத்த 3,080 யூரோவும் இருக்கிறது. ஆகவே ஏல நிறுவனத்தை விட்டுவிடக் கூடாது. கடிதம் எழுதினால் இந்தக் கெடு நிற்காது. நீதிமன்றத்தில் மனு போட்டால்தான் நிற்கும்.

சரி, என்ன செய்வது? முதலில் அந்த இழுப்பறையைத் தொடாதீர்கள். ஒட்ட வேண்டாம், மெழுகு போட வேண்டாம். வெளியே எடுத்துக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து அடிப்பலகையைப் பாருங்கள். கை ரம்பத்தால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இருக்கும். பதினைந்தாம் லூயி காலத்து மேசைகளில் வராத வட்ட ரம்பம் விட்டுப்போகும் கோடுகள் வில்போல் வளைந்து, ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். உங்கள் தச்சர் கண்ணில் பட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) பெயர்ந்த ஓரம் இருந்தால் அதன் கனத்தையும் படம் எடுங்கள். கையால் அறுத்தது தடிப்பாக இருக்கும். இயந்திரத்தில் சீவியது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. செய்தவரின் முத்திரை எங்காவது குத்தியிருந்தாலும் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். முத்திரையைப் பிறகும் குத்தலாம்.

தச்சரிடம் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஏலத்தோடு தொடர்பில்லாத ஒரு மரச்சாமான் நிபுணரிடம் எழுத்துமூலம் கருத்து வாங்குங்கள். கேட்டலாக், ஏல ரசீது, அவர்களோடு நடந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். இனி போனில் பேசாதீர்கள். ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால் அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விற்றவர் யார் என்றும் கேளுங்கள். பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். அதை நீதிமன்றம் வழியாக வாங்கலாம். நீதிமன்றமே ஒரு நிபுணரை நியமிக்கக் கோரிப் போடும் அவசர மனுவிலேயே அதையும் சேர்த்துக் கேட்போம். ஏல நிறுவனங்களை மேற்பார்வையிடும் மன்றத்திலும் புகார் கொடுக்கலாம். சமரசத்துக்கு அது உதவும், ஆனால் பணம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளிக்காது. அதன் பதிலுக்காகக் காத்திருந்து ஆறு மாதத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

உங்கள் தொகை 10,000 யூரோவைத் தாண்டுகிறது. ஆகவே மூல வழக்குக்கு அவோக்கா, அதாவது வழக்கறிஞர், கட்டாயம். செலவை நினைத்துத் தயங்குவதற்கு முன் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். சட்டப் பாதுகாப்பு என்ற பகுதி பலருடைய பத்திரத்தில் இருக்கிறது; இருப்பதே தெரியாமல் வருடா வருடம் பணம் கட்டுகிறார்கள்.

ரசீதில் இருக்கும் ஏலத் தேதியை இன்றைக்கே பார்த்து எனக்கு எழுதுங்கள். மீதி நாட்களை அதை வைத்துத்தான் எண்ண வேண்டும்.