இன்ஜின் சத்தமும் படகைக் கட்டிப்போடும் இடமும்: கேள்வி பதில்

முத்துப்பேட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் முப்பத்தோரு வருஷமாகப் படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஆற்றிலும் உப்பங்கழியிலும் ஓடும் படகுகளின் சத்தத்தைக் குறைப்பது பற்றியும், ராத்திரி அமைதியாகப் படகைக் கட்டிப்போடுவது பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இந்த வேலையிலேயே என் வலது காது பாதி போய்விட்டது. அதனால் யார் கேட்டாலும் இதற்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொல்வேன்.

கேள்வி (முத்துப்பேட்டை): அண்ணே, எங்களுடையது ஃபைபர் படகு. காத்துல குளிர்ற ஏர்கூல்டு ஒத்தை சிலிண்டர் டீசல், நீளவால் ஷாப்ட் (இன்ஜின்லேர்ந்து பின்னால நீளமா போய் விசிறியைச் சுத்துற கம்பி). இருபது வருஷம் அதை ஓட்டின அப்பாவுக்கு இப்ப பக்கத்துல நின்னு கத்தினாத்தான் கேட்குது. இப்ப நான் ஓட்டுறேன். இன்ஜினை ஒரு பெட்டி போட்டு மூடிட்டா சத்தம் குறையுமா?

பதில்: மூடாதீர்கள் தம்பி. ஏர்கூல்டு இன்ஜினுக்குக் காற்றுதான் தண்ணீர். பலகைப் பெட்டி அடித்து உள்ளே மெத்தைப் பஞ்சு ஒட்டிய ஒரு படகு என்னிடம் வந்தது. கழியைத் தாண்டுவதற்குள் பிஸ்டன் பிடித்துவிட்டது. சிலிண்டரைக் கழற்றினால் உள்சுவர் முழுக்க நகத்தால் கீறினதுபோலக் கோடு. பெட்டி போட்டு மூடுவது தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்குத்தான் ஆகும்.

உங்கள் இன்ஜினில் சத்தம் மூன்று இடத்திலிருந்து வருகிறது: புகைக்குழாய், இன்ஜின் உடம்பு, அது உட்கார்ந்திருக்கும் படகு. இதில் பெரிய பங்கு புகைக்குழாய்க்கு. நாலு ஸ்ட்ரோக் ஒத்தை சிலிண்டர் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் 1500 தடவை வெடிக்கிறது, அதாவது நொடிக்கு 25 அடி. அது கனத்த, தாழ்ந்த சத்தம். பஞ்சு, தெர்மாகோல், முட்டை அட்டை எதுவும் அதைத் தடுக்காது. அதற்கு வேண்டியது கொள்ளளவு. சிலிண்டரின் கொள்ளளவைப்போல ஏழெட்டு மடங்காவது சைலன்சர் டப்பா இருக்க வேண்டும். 400 சி.சி. இன்ஜினுக்கு 3 லிட்டர் டப்பா. உள்ளே இரண்டு அறை, நடுவில் துளைபோட்ட குழாய். குழாயின் வாய் இன்ஜினின் புகைவாயைவிடச் சிறுத்துவிடக் கூடாது. சிறுத்தால் புகை திரும்பி அடிக்கும், கரும்புகை வரும், டீசல் கூடக் குடிக்கும். பைக் சைலன்சரை வாங்கி மாட்டிவிட்டு "இழுவை போச்சு" என்று வருகிறவர்களுக்கு நடந்தது இதுதான். சாதா இரும்பு உப்புத் தண்ணீரில் சீக்கிரம் ஓட்டை விழும். செலவைப் பார்க்காமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யுங்கள், டப்பாவின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையும் விடுங்கள்.

குழாயின் முனை உங்கள் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கமாகத் திரும்பியிருக்கட்டும். சிலர் சத்தம் அடங்கட்டும் என்று முனையைத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். இன்ஜின் நிற்கும்போது அது தண்ணீரை உறிஞ்சி சிலிண்டருக்குள் கொண்டுபோய்விடும். வேண்டவே வேண்டாம்.

அடுத்து இன்ஜினுக்கு அடியில் ரப்பர். லாரி டயரை வெட்டி வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். ஆனால் டயர் ரப்பருக்குள் நூலும் கம்பியும் இருப்பதால் அது கட்டை மாதிரிதான் நிற்கும். இன்ஜினை மேலே வைத்ததும் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது அமுங்குகிற ரப்பராக இருந்தால்தான் அதிர்வை வாங்கும். ஃபைபர் உடம்பு தவில் மாதிரி. அடிப்பது இன்ஜின், முழங்குவது படகு.

எவ்வளவு செய்தாலும் இந்த இன்ஜின் பக்கத்தில் காது மூடி இல்லாமல் உட்காராதீர்கள். கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அங்கே சத்தம் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்கு கால் மணி. காதில் பஞ்சை அடைப்பது போதாது. தொழிற்சாலைகளில் போடும் காது மூடி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அப்பாவைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். சத்தத்தால் செத்த நரம்பு மறுபடி முளைக்காது. ஆனாலும் கருவி வைத்தால் பேச்சு புரியும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஐயா, எங்கள் வீடு கடுவையாற்றங்கரையிலிருந்து சுமார் 200 மீட்டர். விடியற்காலை 3 மணிக்கு விசைப்படகை ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் சும்மா ஓட விடுகிறார்கள். பகலில் அதே படகு ஓடினால் பெரிதாகத் தெரிவதில்லை. ராத்திரி மட்டும் வாசலில் ஓடுவதுபோலக் கேட்கிறது. என் பிரமையா?

பதில்: பிரமை இல்லையம்மா. பகலில் தரை சூடு, மேலே போகப் போகக் காற்று குளிர்ச்சி. அப்போது சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடும். பின்னிரவில் இது தலைகீழ். ஆற்றை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும், மேலே இருப்பது சூடாக இருக்கும். சத்தம் கீழ்நோக்கி வளைந்து தண்ணீர் மேலேயே தவழ்ந்து வரும். தண்ணீர் சத்தத்தை உறிஞ்சாது, கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். காற்று உங்கள் பக்கம் வீசினால் இன்னும் மோசம்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். 7 மீட்டரில் 80 டெசிபல் என்றால் 14 மீட்டரில் 74, 28-ல் 68. இப்படியே போனால் சுமார் 220 மீட்டரில் 50 டெசிபல். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எல்லை 45 டெசிபல். பள்ளி, மருத்துவமனை போன்ற அமைதிப் பகுதிக்கு 40. ராத்திரிக் குளிர்காற்று செய்யும் வேலையைச் சேர்க்காமலே கணக்கு எல்லையைத் தாண்டிவிடுகிறது.

விதியைக் கையில் எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிப் பாருங்கள். டீசல் இன்ஜின் சூடாக மூன்று நாலு நிமிஷம் போதும். அரை மணி நேரம் சும்மா ஓடினால் நாசிலிலும் வால்விலும் கரிதான் படியும், டீசலும் வீண். பெரும்பாலும் அவர்கள் ஓட விடுவது ஆள் வரவும் ஐஸ் ஏறவும் காத்திருப்பதால்தான். "ஆள் எல்லாம் ஏறின பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க, ராத்திரி கிளம்புற படகை முகத்துவாரப் பக்கம் கடைசியா கட்டுங்க" என்று கேட்டால் அவர்களுக்கும் நஷ்டமில்லை. கடலுக்குப் போகிறவர் தூக்கமும் தூக்கம்தான். அதைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கேள்வி (கும்பகோணம்): கோடையில் காவிரியில் படகு விட முடியுமா?

பதில்: முடியாது. மேட்டூர் திறப்பதே வழக்கப்படி ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. மூடியதிலிருந்து மறுபடி திறக்கும் வரை ஆறு வெறும் மணல்தான். வருஷம் முழுக்கப் படகு மிதக்க வேண்டுமானால் கடல் ஏற்றம் எட்டுகிற கடைமடைக்குத்தான் வர வேண்டும்: கொள்ளிடத்தின் முகம், பிச்சாவரம், முத்துப்பேட்டை லகூன்.

கேள்வி (கிள்ளை): நான் பிச்சாவரத்தில் துடுப்புப் படகு ஓட்டுகிறேன். மோட்டார் படகில் வருகிறவர்கள் "இந்தச் சின்ன ஓடைக்குள்ள ஏன் மோட்டார்ல கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறீங்க" என்று சண்டை போடுகிறார்கள். என்ன சொல்வது?

பதில்: ஓடையின் அகலத்தைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர் வளைந்து இறங்கும் அந்தச் சந்தில் மோட்டார் கிளப்பும் அலை நேராக வேரடிச் சேற்றைத்தான் அறுக்கும். அந்தச் சேற்றில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. வெண்கண்டலின் மூச்சுவேர் மேல் கலங்கல் படிந்தால் மரத்துக்கே மூச்சு முட்டும். 2022-ல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்பதையும் சொல்லுங்கள். அதற்கு மேலும் சண்டை போட்டால், அவர்களை உங்கள் படகில் ஏற்றிக்கொண்டு, ஓடைக்குள் போனதும் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் பேசாமல் இருங்கள். துடுப்பு நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்கும். வேருக்கடியில் டப்பு டப்பு என்று ஒரு சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்குவது கேட்கும். மோட்டாரில் வந்தால் இது கிடைக்காது என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.

கேள்வி (சேதுபாவாசத்திரம்): கேரளாவில் சோலார் படகு ஓடுகிறதாமே. நம் சின்னப் படகுக்கு பேட்டரி மோட்டார் சரிவருமா? இன்ஜின் சத்தத்தில் மீன் ஓடிவிடும் என்கிறார்களே, அது நிஜமா?

பதில்: வைக்கத்தில் 2017-லிருந்து 75 பேர் உட்காரும் சோலார் படகு ஓடுகிறது. அது ஒரே வழியில், தெரிந்த தூரத்துக்கு, கரையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகிற படகு. அந்த மாதிரி வேலைக்கு பேட்டரியை மிஞ்ச எதுவும் இல்லை. உங்களுக்குக் கணக்கு இது: 2 குதிரைசக்தி மோட்டார் சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். 48 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் 4.8 யூனிட், அதில் 80 சதம் எடுக்கலாம் என்றால் இரண்டரை மணி நேரம். அதே அளவு லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் எடுக்க வேண்டும், கனமும் 120 கிலோவை நெருங்கும். கழிக்குள் நண்டு வலை போட்டு எடுக்க, பறவை பார்க்க வருபவர்களைக் கூட்டிப்போக இது போதும். வாடைக்காற்றில் கடலுக்குப் போய்த் திரும்ப இதை நம்ப வேண்டாம்.

மீன் விஷயம் உண்மைதான். மீனுக்கு நன்றாகக் கேட்பது தாழ்ந்த சத்தம், டீசல் போடுவதும் அதுதான். தண்ணீருக்குள் சத்தம் நொடிக்கு 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல். படகு விளிம்பைத் தட்டி மீனை வலைக்கு விரட்டுவது நம் ஆட்களுக்குத் தெரியாததா? ஒரே சீராக ஓடும் சத்தத்தைவிடத் திடீரென்று ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்குவதுதான் மீனை அதிகம் மிரட்டும். உங்கள் கடலில் ஆவுளியா என்ற கடற்பசு வேறு இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கடற்புல் மேயும் ஆழமில்லாத இடத்தில் மெதுவாகப் போங்கள். அது மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டிய உயிர்.

கேள்வி (திருவாரூர், கல்லூரி மாணவி): சார், பறவைக் கணக்கெடுப்புக்காக வனத்துறை அனுமதியோடு இரண்டு இரவு முத்துப்பேட்டைக் கழியில் படகிலேயே தங்க வேண்டும். எங்கே, எப்படிக் கட்டினால் அமைதியாக இருக்கும்?

பதில்: நேரான ஆற்றில் கட்டாதீர்கள். அதிகாலையில் மீன்பிடிப் படகுகள் போகும் வழி அது. ஒரு வளைவு தாண்டி, காற்றுக்கு மறைவாகக் காடு நிற்கும் பக்கம் பாருங்கள். சோழகக்காற்று (தெற்கிலிருந்து வீசுவது) நாளில் தென்கரையும் வாடை (வடக்கிலிருந்து வீசுவது) நாளில் வடகரையும் மறைவு தரும். வலசைப் பறவை வரும் மாதங்களில் பெரும்பாலும் வாடைதான், அதனால் வடகரை.

மரத்தில் கயிறு கட்டக் கூடாது. கிளை முறியும், பட்டை உரியும். ஒரு மூங்கில் முளையைச் சேற்றில் ஊன்றி முன்பக்கத்தைக் கட்டுங்கள், பின்பக்கம் சின்ன நங்கூரம். முன்பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அலை படகின் விலாவில் பளார் பளாரென்று அறையும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது, ஆனால் கழியில் ஆழமே அவ்வளவுதான். வற்றத்தில் தரைதட்டாத இடமா என்று பகலிலேயே ஒரு கோலை விட்டுப் பாருங்கள். கயிற்றில் இரண்டு முழம் தளர்வு விடுங்கள்.

இன்ஜின் நின்ற பிறகுதான் சின்னச் சத்தங்கள் தலைதூக்கும். நைலான் கயிறு படகின் மரத்தில் உரசிக் கிறீச்சிடும். உரசும் இடத்தில் பழைய தண்ணீர்ப் பைப்பை ஒரு சாண் வெட்டிக் கோத்துவிட்டால் நின்றுவிடும். டீசல் கேனும் பாத்திரமும் ஒன்றோடொன்று படாமல் நடுவில் சாக்கைச் செருகுங்கள். விளக்குக்கு ஜெனரேட்டர் கொண்டுபோகாதீர்கள், ஒரு பேட்டரி போதும். இடத்தை அடைய நூறு இருநூறு மீட்டர் இருக்கும்போதே இன்ஜினை நிறுத்திவிட்டுக் கோல் ஊன்றிப் போங்கள். அடைய வந்த நாரையும் கொக்கும் ஒரு தடவை கிளம்பினால் இருட்டில் மறுபடி உட்கார இடம் தேடித் தவிக்கும்.

கேள்வி (மன்னார்குடி): இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகன் கால்வாயில் படகிலேயே குடியிருக்கிறான். ராத்திரி 8 மணிக்கு மேல் இன்ஜின் போடக்கூடாதாம். நிஜமாகவே அப்படி விதியா?

பதில்: ஆமாம். அங்கே கால்வாயில் மற்றப் படகுகளுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தால் இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓட்டக் கூடாது. பேட்டரியைப் பகலிலேயே ஏற்றிவைத்துக்கொள்வார்கள். நம் மீன்பிடிப் படகுக்கு அது ஒத்துவராது, கடல் கூப்பிடும் நேரம் வேறு. ஆனால் சுற்றுலாப் படகு கட்டும் துறைகளில் இந்தப் பழக்கம் இப்போதே வந்தால் நல்லது.

கேள்வி (முத்துப்பேட்டை, முதலில் எழுதிய தம்பி): அண்ணே, நீங்க சொன்ன அளவுல டப்பா செஞ்சு மாட்டிட்டேன். நல்லா அடங்கிடுச்சு. ஆனா இப்ப டக் டக்னு புதுசா ஒரு சத்தம் வருது. டப்பா செஞ்சதுல தப்பா?

பதில்: டப்பாவில் தப்பில்லை. அந்தச் சத்தம் முன்னாலும் இருந்தது, புகைக்குழாய் அதை அமுக்கி வைத்திருந்தது. பெரும்பாலும் ஷாப்ட் புஷ் (வெளிக்குழாய்க்குள் ஷாப்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கும். இன்ஜினை மெதுவாக ஓட விட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஷாப்ட் சுற்றும் பக்கம் போகாமல் வெளிக்குழாய் மேல் வையுங்கள், கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். நுனியை ஒவ்வொரு புஷ்ஷாக நகர்த்தினால் தேய்ந்த இடத்தில் சுத்தி அடிப்பதுபோலக் கேட்கும். அதை மாற்றி, கிரீஸ் அடைத்துவிடுங்கள். அப்பாவையும் படகுக்குக் கூட்டிப்போய் அந்தக் குழாய் மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். இருபது வருஷம் ஓட்டினவர், எந்த புஷ் என்று கை சொல்லிவிடும்.