புது எஞ்சின் ஏன் சுற்ற மறுக்கிறது?

கேள்வி: டர்போ வைத்த நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு போர் (சிலிண்டர் உட்சுவரைக் கடைவது), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்டிங் செய்து, புது ரிங், பேரிங் போட்டுக் கட்டினோம். கையால் சுற்ற ரொம்ப இறுக்கம். ஸ்டார்ட்டர் கொடுத்துப் பார்க்கலாமா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: கூடாது. கட்டி இழுத்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேரிங் உரசினால் கிராங்கும் போய்விடும்.

முதலில் பிளக்குகளைக் கழற்றுங்கள். லேசாகிவிட்டால் அது வெறும் கம்ப்ரஷன்தான். இல்லையென்றால் டைமிங் பெல்ட்டையும் எடுத்துவிட்டு (வால்வு பிஸ்டனில் இடிக்காதபடி கவனம்), கிராங்க் போல்ட்டில் டார்க் ரெஞ்சு (திருகு விசையை அளக்கும் ஸ்பானர்) வையுங்கள். புது ரிங்கோடு சுமார் 20 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை கேட்பது சாதாரணம். அதற்கு வெகுமேலே போனாலோ, ஒரே இடத்தில் மட்டும் பிடித்தாலோ பிரித்தே ஆக வேண்டும்.

ராடு கேப்களை (பிஸ்டன் ராடைக் கிராங்கோடு பிடிக்கும் மூடிகள்) ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சுற்றுங்கள். எதைத் தளர்த்தும்போது இளகுகிறதோ அங்கேதான் கோளாறு. நாலும் தளர்ந்தும் இறுக்கமா? கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கைப் பாருங்கள். கேப் எண் மாறியிருக்கும், திருப்பிப் போட்டிருக்கும், அல்லது ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) அளவு தப்பியிருக்கும். 0.25 மி.மீ. அரைத்த கிராங்குக்கு அதைவிடத் தடித்த 0.50 ஷெல் போட்டால் கேப் இறுகும்போதே பிடித்துக்கொள்ளும். லேத்துக்காரர் எழுதித் தந்த அளவை மட்டும் நம்ப வேண்டாம், மைக்ரோமீட்டர் வையுங்கள். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைக்கும்போது எண்ணெய் இருக்கக்கூடாது, கிராங்கைச் சுற்றவும் கூடாது; 50 மி.மீ. ஜர்னலுக்கு (பேரிங்கில் உட்காரும் கிராங்க் பகுதி) ஏறக்குறைய 0.05 மி.மீ. இடைவெளி வேண்டும்.

ரிங் முனை இடைவெளி குறைவாக இருந்தால் இப்போது தெரியாது, சூடேறியபின்தான் போரைக் கீறும். டர்போவுக்கு அந்த இடைவெளி இன்னும் கூடுதலாக வேண்டும். பிஸ்டனோடு வந்த தாளில் உள்ள அளவையே வையுங்கள். எல்லாம் சரியான பிறகும், ரிங் படியும்வரை ஆரியங்காவு ஏற்றத்தில் பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏற்றி ஓட்டாதீர்கள்.