ஜாக்கெட்டிங் செய்வதற்கு முன் பில்லரின் குறையைப் பதிவு செய்யுங்கள்

கேள்வி: சத்துவாச்சாரியில் எங்கள் சொந்த மனையில் 28 லட்சம் ரூபாய்க்குக் காண்ட்ராக்ட் விட்டு மாடி வீடு கட்டினோம். சென்ற ஆண்டு, கார் நிறுத்தும் இடத்தில் இருக்கும் இரண்டு பில்லர்களில் மேலிருந்து கீழாக வெடிப்பு விட்டது. காண்ட்ராக்டர் ஆள் அனுப்பிப் பூசிவிட்டார். இப்போது பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கேட்டால், "ஜாக்கெட்டிங் பண்ணணும், மூணு லட்சம் ஆகும்" என்கிறார். நாங்களே செய்துகொண்டு அவர்மேல் வழக்குப் போடலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: போடலாம் அம்மா. ஆனால் எதை முதலில் செய்கிறீர்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ஜாக்கெட்டிங் என்றால் பழைய பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பியும் ரிங்கும் கட்டி கான்கிரீட் போடுவது. போட்டு மூடிய பிறகு உள்ளே இருந்த குறையை யாருக்கும் காட்ட முடியாது.

அதற்காக ஆபத்தோடு குடியிருக்கச் சொல்ல மாட்டேன். இந்த வாரமே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து, அவர் காட்டும் இடங்களில் பீமுக்கு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுங்கள். முட்டு வைப்பதால் சாட்சியம் அழியாது. அந்த இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

அடுத்தது அந்த இன்ஜினியருடைய எழுத்துமூல அறிக்கை. கம்பி துருப்பிடித்தால் பருமனாகி, மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். கம்பி ஓடும் கோட்டிலேயே வெடிப்பு வருவது அதனால்தான். பில்லர் கம்பிக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. உங்கள் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். கான்கிரீட்டை உடைக்காமலே அதன் தரத்தைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசானிக் சோதனைகளையும் கேளுங்கள். கோர் (சோதனைக்காகத் துளைத்து எடுக்கும் கான்கிரீட் துண்டு) எடுப்பதானால் முட்டு வைத்த பிறகு, அவர் முடிவுப்படி மட்டும். வெடிப்புக்குப் பக்கத்தில் அளவு டேப் வைத்துப் படம் எடுங்கள்.

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு காண்ட்ராக்டருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாள் கொடுத்து, "நேரில் வந்து பார்த்து உங்கள் செலவில் சரிசெய்யுங்கள்" என்று கேட்க வேண்டும். சிமெண்ட் பூசி மறைத்ததை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அதற்குக் கீழேதானே நீங்கள் நடமாடினீர்கள்! ஆனால் அவர் ஆள் அனுப்பியதே உங்களுக்குத் துணைச் சான்று. அந்த நாளின் வாட்ஸ்ஆப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்.

ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 5 ஆண்டு உத்தரவாதம் உண்டே என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது கட்டி விற்கும் புரமோட்டருக்கு. சொந்த மனையில் நீங்கள் கட்டிக்கொண்ட வீட்டுக்குப் பொருந்தாது. உங்கள் வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. வீடு கட்டித் தருவதும் அதில் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கட்டணம் 1,000 ரூபாய்.

காலக்கெடு 2 ஆண்டு. வெடிப்பைப் பார்த்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அனுப்பியதாலோ காண்ட்ராக்டர் "பார்க்கலாம்" என்று இழுத்ததாலோ கெடு நீளாது.

மனுவோடு சேர்த்து, பில்லரைப் பார்வையிட்டு அறிக்கை தர இன்ஜினியர் துணையுடன் அட்வகேட் கமிஷனரை (ஆணையத்தின் சார்பில் நேரில் பார்த்துவரும் வக்கீல்) நியமிக்கும்படி இடைக்கால மனுவும் போடுங்கள். ரிப்பேர் கொட்டேஷனில் பாரத்தை இறக்குவது, துருவைச் சுரண்டுவது, ஜாக்கெட்டை அஸ்திவாரத்திலிருந்தே எழுப்புவது எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். கமிஷனர் அளந்து படம் எடுத்துப் போனதும் இன்ஜினியர் மேற்பார்வையில் வேலையைத் தொடங்கிவிடலாம். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, பில்லை வாங்கி வையுங்கள்.