முல்தான் ருக்னெ ஆலம் தர்கா: கேட்டதும் சொன்னதும்

பாகிஸ்தானின் முல்தானில், பழைய கோட்டை மேட்டின் மேல் நிற்கும் சூஃபி ஞானி ஷா ருக்னெ ஆலம் அடக்கஸ்தலம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணே, படத்தில் சுவர் உள்பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கே. அஸ்திவாரம் இறங்கிடுச்சா?

இல்லை தம்பி, வேண்டுமென்றே அப்படிக் கட்டியது. கும்மட்டத்தின் பாரம் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். அதை எதிர்த்துச் சுவர் உள்நோக்கிச் சாய்கிறது. எட்டு மூலைகளிலும் மேலே போகப்போகக் குறுகும் கோபுரங்கள் முட்டுக்கொடுக்கின்றன. டெல்லி துக்ளகாபாத்தில் சுல்தான் கியாசுதீன் துக்ளக்கின் கல்லறையிலும் இதே சாய்வுதான். அங்கே கல், இங்கே செங்கல்.

வெறும் செங்கல்லா? அதுவும் 700 வருஷமா?

ஆற்று வண்டல் பூமியில் கல்லுக்கு எங்கே போவது? சுவரின் கனமே 13 அடி. ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான சூட்சுமம் மரத்தில் இருக்கிறது. செங்கல் பாரம் தாங்கும், இழுத்தால் விட்டுக்கொடுத்துவிடும். அதனால் இடைவெளி விட்டு ஷீஷம் கட்டைகளைப் படுக்கையாகப் பதித்திருக்கிறார்கள். நம் ஈட்டி மரத்துக்கு உறவுக்கார மரம். இன்று கறுத்துப்போய்க் கோடு கோடாகத் தெரிகிறது. எல்லோரும் சுவரில் பதித்த நீல மெருகு ஓடுகளைப் பார்க்கிறார்கள். நீங்கள் இந்தக் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள்.

ஏன் எண்கோணம்?

கும்மட்டத்தின் அடி வட்டம்; எண்கோணம் சதுரத்தைவிட வட்டத்துக்கு நெருக்கம். பக்கத்திலேயே ருக்னெ ஆலமின் பாட்டனார் பஹாவுதீன் ஜகரிய்யாவின் தர்கா: கீழே சதுரம், மேலே எண்கோணம், அதற்கும் மேல் கும்மட்டம். பேரனுடையதில் தரையிலிருந்தே எண்கோணம். 41 அடிச் சுவருக்கு மேல் இன்னொரு சிறிய எண்கோணம், பிறகு கும்மட்டம். இரண்டு எண்கோணங்களுக்கும் நடுவே சுற்றி நடக்க வழி உண்டு.

கியாசுதீன் துக்ளக் தனக்காகக் கட்டியதாமே?

அப்படித்தான் வழிவழியாகச் சொல்கிறார்கள். கட்டியது 1320-24 வாக்கில். ருக்னெ ஆலம் காலமானது 1335. முதலில் பாட்டனார் அருகில்தான் அடக்கம், பிறகே இங்கே மாற்றினார்கள். கியாசுதீனின் கல்லறையோ துக்ளகாபாத்தில்.

சார், ஓடெல்லாம் புதுசு மாதிரி பளபளக்குதே?

கொஞ்சம் புதுசுதான். 1970களில் பஞ்சாப் அவ்காஃப் (வக்ஃப் சொத்து) துறை பழுதுபார்த்தது. மறந்துபோன மெருகு ஓட்டு வேலையை உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு மறுபடி பழக்கிச் செய்ததால் 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. உள்ளே போனால் மரத்தில் செதுக்கிய மிஹ்ராபை (தொழும் திசை காட்டும் மாடம்) தவறவிடாதீர்கள்.