சின்னக் குழுவுக்கு யார் நிதி தருவார்கள்? கேள்வி பதில்

அமெரிக்காவில் இனப் பாகுபாட்டுக்கும் வறுமைக்கும் எதிராகத் தங்கள் ஊரிலேயே வேலை செய்யும் சிறு குழுக்களில் இருப்பவர்கள் நிதி திரட்டுவது பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சட்டம் வரும் இடங்களில் நான் சொல்வது பொதுவான விளக்கம்தான். உங்கள் குழுவின் விஷயத்துக்கு ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த வாடகைக் குடும்பங்களுக்குத் துணையாக நிற்கிறோம். எட்டுப் பேர் இருக்கிறோம், எதையும் பதிவு செய்யவில்லை. கிராண்ட், அதாவது திருப்பித் தர வேண்டாத நிதி, கேட்க முடியுமா?

முடியும். நிதி தரும் அறக்கட்டளைகளான பவுண்டேஷன்களில் பெரும்பாலானவை, வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்கு பெற்ற அமைப்புக்குத்தான் காசோலை எழுதும். அது உங்களிடம் இல்லையென்றால், வரிவிலக்கு உள்ள இன்னொரு அமைப்பின் கீழ் வேலை செய்யலாம். இதற்கு ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப் என்று பெயர். பணம் அவர்கள் கணக்குக்கு வரும். கணக்கெழுதுவது, வரி அறிக்கை, சம்பளப் பட்டுவாடா எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்காக வரும் தொகையில் பொதுவாக 5 முதல் 10 சதவீதம், சில இடங்களில் 15 வரை எடுத்துக்கொள்வார்கள்.

கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செலவுச் சீட்டு கொடுத்தால் எத்தனை நாளில் பணம் வரும்? நீங்கள் விலகினால் மீதிப் பணம் உங்களோடு வருமா? உங்கள் போராட்டம் அவர்களுடைய நன்கொடையாளர் ஒருவரின் கட்டடத்துக்கு எதிராகவே போனால் என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கையெழுத்துக்கு முன் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பணத்தின் மீது சட்டப்படி கடைசி அதிகாரம் ஸ்பான்சருக்குத்தான்.

கேள்வி: சொந்தமாகவே வரிவிலக்கு வாங்கிவிட்டால் நல்லதில்லையா?

அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் வரவு 50,000 டாலரைத் தாண்டாது என்றால், ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித்துறைக்குப் படிவம் 1023-ஈஇசட் என்ற சுருக்க விண்ணப்பம் கொடுத்தால் போதும். அதற்குக் கட்டணம் 275 டாலர், முழுப் படிவத்துக்கு 600. வாங்குவது கடினமில்லை, காப்பாற்றுவதுதான் வேலை. வரவு இல்லாத ஆண்டிலும் 990-என் என்ற சின்ன அறிக்கையை அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அனுப்பாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். கணக்கு பார்க்க நிலையான ஒருவர் கிடைக்கும்வரை ஸ்பான்சரோடு இருப்பதே மேல் என்பது என் கருத்து.

கேள்வி: ஆயிரக்கணக்கில் பவுண்டேஷன்கள் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

உங்கள் ஊரின் கம்யூனிட்டி பவுண்டேஷனில் தொடங்குங்கள். 1914இல் கிளீவ்லாந்தில் முதலாவது உருவானது. இப்போது பெரும்பாலான நகரங்களில் ஒன்று இருக்கிறது. உள்ளூர்ப் பணத்தை உள்ளூரிலேயே செலவிடத்தான் அவை இருக்கின்றன. அப்புறம், உங்கள் பகுதியில் கிளை வைத்திருக்கும் வங்கிகள். வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுப் பிரித்து, கறுப்பினக் குடியிருப்புகளுக்கு வங்கிகள் கடன் மறுத்த வரலாறு இருப்பதால்தான் 1977இல் சமூக மறுமுதலீட்டுச் சட்டம் வந்தது. குறைந்த வருமானப் பகுதிகளுக்கு என்ன செய்தோம் என்று வங்கிகள் அரசுக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் சேரக்கூடிய வேலையாக உங்களுடையது இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

தனியார் பவுண்டேஷன் என்றால், அதன் இணையதளத்தைவிட அது ஐஆர்எஸ்ஸுக்குத் தரும் 990-பிஎஃப் என்ற ஆண்டு அறிக்கையைப் படியுங்கள். அது எவரும் பார்க்கக்கூடிய ஆவணம். யாருக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயரோடு இருக்கும். முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறோம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால், விண்ணப்பம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே அறிமுகம் இருந்தால்தான் வழி. கொடுத்ததெல்லாம் லட்சம் டாலருக்கு மேல் என்றால், 10,000 கேட்கும் உங்களுக்கு அது ஏற்ற இடமில்லை.

கேள்வி: விண்ணப்பத்தில் என்ன எழுதினால் எடுபடும்?

நிறைய விண்ணப்பங்கள் தேசிய அளவிலான அநீதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, தங்கள் தெருவைப் பற்றி நான்கு வரியில் முடித்துவிடுகின்றன. தலைகீழாகச் செய்யுங்கள். எந்தப் பள்ளி, எந்தப் பேருந்துத் தடம், எந்த முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைக்கிறார், அதை மாற்ற முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அவரை எப்படி அசைக்கப் போகிறீர்கள். இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாலே, பெரிய அமைப்புகளால் எழுத முடியாத ஒன்றை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

உங்கள் மக்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டாதீர்கள். நிதி வாங்குவதற்காக நம் ஆட்களின் வாழ்க்கையை வெறும் குறைகளின் பட்டியலாக எழுதுவது எனக்கு ஏற்பில்லாத விஷயம். நாளை அந்த விண்ணப்பத்தை ஓர் அம்மாவின் கையில் கொடுத்தால், அவர் தலைநிமிர்ந்து படிக்க முடிய வேண்டும். குழுவில் முடிவெடுப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பிரச்சினையை நேரடியாக அனுபவிப்பவர்கள் என்பதையும் எழுதுங்கள். நல்ல மதிப்பீட்டாளர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

பட்ஜெட்டில் உங்கள் உழைப்பைச் சேருங்கள். கூட்டத்துக்கு வருபவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், மொழிபெயர்ப்பாளர், சாப்பாடு, பேருந்துக் காசு எல்லாம் செலவுதான். இவற்றை விட்டுவிட்டு விண்ணப்பித்தால், பணம் வந்த பிறகு அந்தச் சுமை குழுவிலேயே ஏழையான ஆளின் தலையில் விழும்.

கேள்வி: குறிப்பிட்ட திட்டத்துக்கென்று கேட்பதா, பொதுவாகக் கேட்பதா?

பொதுவான செயல்பாட்டு நிதியாகக் கேளுங்கள். மார்ச்சில் பயிற்சி வகுப்பு நடத்துவோம் என்று எழுதிப் பணம் வாங்கிய பிறகு, பிப்ரவரியில் நூறு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால், கையில் இருக்கும் பணத்தைத் தொட முடியாமல் நிற்பீர்கள். திட்டத்துக்கு மட்டும்தான் தருவோம் என்றால் சரி, வாடகையிலும் கணக்காளர் சம்பளத்திலும் ஒரு பங்கை அந்தத் திட்டத்தின் செலவாகவே காட்டுங்கள். மத்திய அரசு நிதியிலேயே இந்த மறைமுகச் செலவுக்கு, அரசோடு தனியாகப் பேசி வைத்த விகிதம் இல்லாத அமைப்புகளுக்கும் 2024 அக்டோபரிலிருந்து 15 சதவீதம் வரை இடமிருக்கிறது. முன்பு அது 10.

கேள்வி: கறுப்பின மக்களுக்கான வேலை என்று வெளிப்படையாக எழுதலாமா? வழக்கு வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் ஃபியர்லெஸ் ஃபண்ட் வழக்கு. அட்லாண்டாவில் இருக்கும் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் தரும் திட்டம் வைத்திருந்தது. 2023 ஆகஸ்டில் வழக்கு, 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தடை, அந்தச் செப்டம்பரில் சமரசம், திட்டம் மூடல். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் ஒப்பந்த உரிமையைக் காக்க எழுதப்பட்ட 1866ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்தே இதைச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆனால் அங்கே சிக்கியது, யார் விண்ணப்பிக்கலாம் என்பதை இனத்தை வைத்துத் தீர்மானித்த விதி. இனப் பாகுபாட்டை எதிர்க்கிறோம் என்று உங்கள் நோக்கத்தைச் சொல்வது வேறு விஷயம். அதை மழுப்ப வேண்டாம். நீங்களே யாருக்காவது பணம் பிரித்துக் கொடுக்கும்போது மட்டும் தகுதி விதிகளை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நகர மன்றத்தில் சட்டம் மாற்றக் கோரினால் வரிவிலக்கு போய்விடுமா?

போகாது. தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, அது முழுத் தடை. சட்டத்துக்காக வாதாடுவதற்கு அளவுதான் உண்டு. ஐஆர்எஸ்ஸுக்குப் படிவம் 5768 கொடுத்துவிட்டால், ஆண்டுச் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 சதவீதம் வரை அதற்குச் செலவிடலாம். ஒரே பக்கப் படிவம், கட்டணம் கிடையாது. தனியார் பவுண்டேஷன்கள் இந்த வேலைக்கென்று ஒதுக்கித் தர முடியாது. பொது நிதியாக வந்ததை நீங்கள் இதற்குப் பயன்படுத்தலாம்.

கேள்வி: நகராட்சிப் பணம்?

மத்திய அரசு நகரங்களுக்குத் தரும் சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம் 1974இலிருந்து இருக்கிறது. அதைப் பெறும் நகரங்கள் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். ஆளோடு போய்ப் பேசுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த வகைப் பணம் பெரும்பாலும் நீங்கள் செலவு செய்த பிறகுதான் வரும். இரண்டு மூன்று மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பு இல்லாமல் இறங்காதீர்கள்.

கேள்வி: பணக்காரர்களின் பணத்தை வாங்கிவிட்டு அவர்களை எதிர்த்துப் பேச முடியுமா?

இந்தக் கேள்வியை விடாமல் வைத்திருங்கள். 1955-56இல் அலபாமாவின் மான்ட்கோமரி நகரில், பேருந்துகளில் இருந்த இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு ஓராண்டுக்கு மேல் நடந்தது. சமையல் வேலை செய்த ஜார்ஜியா கில்மோர், மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாண்ட்விச்சும் கேக்கும் விற்று, அந்தப் பணத்தைப் போராட்டத்தின் வாரக் கூட்டங்களில் கொடுத்தார். அவர் வேலையை இழந்தார், ஆனால் அந்த நிதியை எவராலும் நிறுத்த முடியவில்லை. ஆகவே ஆளுக்கு மாதம் ஐந்து டாலரானாலும் உறுப்பினர் சந்தா வையுங்கள். எந்தத் தொகை நின்றாலும் கூட்டம் நடக்கும் என்ற அளவுக்காவது அது இருக்கட்டும்.

கேள்வி: நிராகரித்துவிட்டார்கள். மறுபடி கேட்கலாமா?

கேட்கலாம். நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மதிப்பீட்டாளர்கள் என்ன சொன்னார்கள் என்று ப்ரோகிராம் ஆபிசரிடம், அதாவது அங்கே விண்ணப்பங்களைக் கவனிக்கும் அதிகாரியிடம், கேளுங்கள். எழுத்தில் தராதவர்கள்கூடப் பலமுறை போனில் சொல்வார்கள். அடுத்த சுற்று எப்போது என்பதையும் அதே பேச்சில் கேட்டுக்கொள்ளுங்கள்.