சிறு குழந்தைகளோடு வெளிநாடு போகும்போது என்னென்ன சிக்கல்கள் வரும்? எப்படிச் சமாளித்தீர்கள்?

கேட்டவருக்கு ஒன்றரை வயதிலும் நான்கு வயதிலுமாக இரண்டு பிள்ளைகள். முதல்முறையாக வெளிநாடு கிளம்புகிறார்கள். நீண்ட விமானப் பயணத்தை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது என்கிறார். நாங்களும் ஏறக்குறைய இதே வயதில் எங்கள் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறோம். விமானம் எப்படியும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்மையான பாடு, இறங்கிய பிறகு வரும் முதல் மூன்று நாள்களில்தான். உங்கள் தயாரிப்பில் பெரும்பங்கு அதற்கே போகட்டும்.

விமானத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காதுவலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வரும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சிறு பிள்ளைகளுக்குக் குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருக்கும்; வெளியே காற்றழுத்தம் கூடும்போது அது எளிதில் திறந்துகொள்ளாது. எதையாவது விழுங்கினால் திறக்கும். அதனால் தரையிறங்க அரைமணி நேரம் இருக்கும்போதே பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்குங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் அழுமே என்று தயங்காதீர்கள். காதுவலியில் துடித்து அழுவதற்கு அந்த அழுகை எவ்வளவோ மேல். சளியோ காதில் சீழோ இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

2006-க்குப் பிறகு கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோகப் பெரும்பாலான நாடுகளில் தடை இருந்தாலும், குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. சோதனையில் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே வெளியே எடுத்து வைத்துச் சொல்லிவிடுங்கள், வரிசை தடையில்லாமல் நகரும். விமானத்துக்குள் இருக்கைக்கு எதிர்ச்சுவரில் மாட்டித் தரும் குழந்தைத் தொட்டிலை ரொம்ப நம்ப வேண்டாம். விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்கும் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எங்கள் சின்னவளை அப்படி ஒரே இரவில் பலமுறை தூக்க வேண்டியிருந்தது. மாற்றுத்துணி குழந்தைக்கு மட்டும் போதாது, உங்களுக்கும் ஒரு செட் கைப்பையில் இருக்கட்டும். பெரியவன் என் தோளில் சாய்ந்தபடியே வாந்தி எடுத்தான். இறங்க இன்னும் பாதி வழி இருந்தது.

இனி இறங்கிய பிறகு.

முதல் அடி விமான நிலைய வாசலிலேயே விழலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 150 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை வேண்டும். இந்த அளவை 135 செ.மீ. ஆகக் குறைத்துக்கொண்ட நாடுகளும் உண்டு. டாக்சிக்கு விலக்கு உண்டா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். குழந்தை இருக்கை இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்று ஓர் ஓட்டுநர் எங்களிடம் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரிதான் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நள்ளிரவில், தூங்கி விழும் இரண்டு பிள்ளைகளோடு நடைபாதையில் நிற்பது கொடுமை. வண்டியை முன்பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதையும் எடையையும் சொல்லி இருக்கை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது தூக்கம். நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்பது தோராயக் கணக்கு. கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் கஷ்டம். பெரியவர்கள் நாம் புரண்டு படுத்துச் சமாளிப்போம். பிள்ளைகளோ நடு இரவு இரண்டரை மணிக்கு முழு விழிப்போடு எழுந்து பசிக்கிறது என்பார்கள். அந்த நேரத்தில் கடை இருக்காது, விடுதிச் சமையலறை பூட்டியிருக்கும். அறைக்குப் போகும் வழியிலேயே பிஸ்கட், பழம், பால் வாங்கி வைத்துக்கொள்வதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். அவர்களை அதட்டித் தூங்கவைக்க முயல்வது வீண். மங்கலான வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். பகலில் நன்றாக வெளிச்சம் படும்படி வெளியே நடத்திக் கூட்டிப் போங்கள். முதல் இரண்டு நாளுக்கு முன்பதிவுச் சீட்டு எதுவும் வாங்கவே வேண்டாம். பணம் கட்டிவிட்டோமே என்று அழும் பிள்ளையை இழுத்துக்கொண்டு அருங்காட்சியக வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைக்காக மனம் வலிக்கும்.

காய்ச்சல்தான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. ஊர் புதிது, மொழி தெரியாது, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. அங்கே ஓடிப்போய் மருந்து வாங்கிவிடலாம் என்று நம்பி இருக்காதீர்கள். அமெரிக்காவில் பாரசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்றுதான் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், மருந்தின் செறிவு. 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் உண்டு, 160 உண்டு, 250-உம் உண்டு. வீட்டில் கொடுத்துப் பழகிய அதே 5 மில்லியைப் புதுப் பாட்டிலில் இருந்து ஊற்றினால் அளவு இரண்டு மடங்காகிவிடக்கூடும். உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தையே கைப்பையில் எடுத்துப் போங்கள். குழந்தையின் எடை எவ்வளவு, ஒருவேளைக்கு எத்தனை மி.கி. என்பதைச் சீட்டில் எழுதி பாட்டிலோடு கட்டிவையுங்கள். பெரிய பெட்டியில் மட்டும் போடாதீர்கள். எங்களோடு வந்த ஒரு குடும்பத்தின் பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது, மருந்து முழுக்க அதற்குள் இருந்தது.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கட்டாயம். எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்பதை உறையைப் பார்த்துச் செய்யுங்கள், கண்ணளவு கூடாது. வாந்தியும் இருந்தால் பத்து நிமிடம் பொறுத்துவிட்டுப் பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சிறுநீர் வெகுநேரம் வராவிட்டாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ அறையில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பயணக் காப்பீட்டின் உதவி எண் உங்கள் இருவர் போனிலும் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர எண் 112.

அடுத்த பயம், பிள்ளை கூட்டத்தில் தொலைந்துவிடுவது. தினமும் காலையில் வெளியே கிளம்பும் முன், அன்றைய உடையிலேயே பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொள்வோம். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்று யாருக்கும் நினைவு வராது. விடுதியின் முகவரி அட்டை சட்டைப் பையிலும் எங்கள் எண் மணிக்கட்டிலும் இருக்கும். மெட்ரோவுக்கு ஒரு விதி வைத்திருந்தோம்: கதவு மூடி யாராவது நடைமேடையில் நின்றுவிட்டால் அவர் அங்கேயே நிற்க வேண்டும், உள்ளே போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருவார். அது ஒருமுறை நடந்தேவிட்டது. சின்னவளோடு நானும் என் கணவரும் உள்ளே, பெரியவன் வெளியே. திரும்பி வந்தபோது, நிலையப் பணியாளர் ஒருவர் அருகில் குந்தியிருக்க, இவன் அதே தூணை ஒட்டி நின்றிருந்தான். அந்தச் சில நிமிடங்கள் எப்படிப் போயின என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு ஏறும்போது முதலில் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள், கடைசியில் இன்னொரு பெரியவர் என்று மாற்றிக்கொண்டோம்.

டிக்கெட் போடுமுன் பார்க்க வேண்டியவை சில. குழந்தைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் 5 ஆண்டுக்கே செல்லும், அதிலும் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் நிறைய. பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கூடவே இருக்கட்டும். மடியில் வைத்துப் போகும் சலுகை 2 வயது நிறையும்வரைதான். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்தால் திரும்பும்போது தனி இருக்கை எடுக்க வேண்டும். உங்கள் சின்னக் குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது என்பதால், திரும்பும் தேதியை இதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.